நாகலாபுரம் மலைக்கு "அனுமதியோடு" கூட்டிப்போகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

சென்னையிலிருந்து வார இறுதியில் நாகலாபுரம் மலைக்கு டிரெக்கிங் கூட்டிப்போவதாக இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்துவிட்டுப் பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். வனத்துறை அனுமதி, அனுபவமுள்ள வழிகாட்டி, லைஃப் ஜாக்கெட், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து என்று சொல்லி எங்களிடம் தலைக்கு 1,800 ரூபாய் வாங்கினார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தவிர வேறெதையும் கொடுக்கவில்லை. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். நீச்சல் தெரியாத என் தங்கையை வெள்ளம் வரும் ஓடையில் இறக்கிவிட்டார்கள். அதை விடவே முடியாது.

இடம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகப் போய், சிவபெருமான் பள்ளிகொண்டிருக்கும் சுருட்டப்பள்ளிக் கோயிலைத் தாண்டினால் நாகலாபுரம். வேதநாராயண சுவாமி கோயிலுக்குப் பலர் போயிருப்பீர்கள். முன்பு சித்தூர் மாவட்டம், 2022-லிருந்து திருப்பதி மாவட்டம். ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைகளில் பாதை என்று தனியாகப் போட்டு வைத்தது பெரும்பாலும் கிடையாது. ஓடைதான் பாதை. பாறை மேல் பாறை ஏறி, அங்கங்கே முழங்கால் தண்ணீரில் நடந்து, நடுநடுவே இருக்கிற மடுக்களைச் சுற்றியோ நீந்தியோ போக வேண்டும். வெயில் காலத்தில் அடிக்கல் தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர். அந்தப் படங்களைத்தான் வருஷம் முழுக்க விளம்பரத்தில் போடுகிறார்கள். நாங்கள் போனது அக்டோபர் கடைசியில். வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்தது. அந்த நேரத்தில் அதே ஓடை வேறு ஓடை.

பன்னிரண்டு பேர் கொண்ட சின்னக் குழு என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். கோயம்பேட்டில் ஏறும்போது வேனில் இருபதுக்கு மேல் ஆட்கள். காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குவோம் என்றவர்கள் மலையடிவாரத்தில் இறக்கிவிட்டபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. பணம் வாங்கிய ஒருங்கிணைப்பாளர் அங்கேயே வேனில் உட்கார்ந்துகொண்டார். எங்களோடு வந்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். அவன்தான் வழிகாட்டி. இதற்கு முன்னால் எத்தனை முறை வந்திருக்கிறாய் தம்பி என்று கேட்டதற்கு, "ஃபிரண்ட்ஸோட ஒரு வாட்டி வந்திருக்கேன் அண்ணா" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐந்நூறு ரூபாய் தருகிறேன் என்று அவனையும் அனுப்பிவைத்திருக்கிறார்கள். லைஃப் ஜாக்கெட் எங்கே என்றால் "இன்னிக்குத் தண்ணி கம்மி, தேவைப்படாது" என்ற பதில் வேனுக்குள்ளிருந்து வந்தது. கயிறு என்று அந்தப் பையன் பையிலிருந்து எடுத்துக் காட்டியது, வீட்டில் துணி காயப்போடக் கட்டுவோமே, அந்த நீல நைலான் கொடி.

அப்போது அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள் என்று நானும் இன்னும் இரண்டு பேரும் கேட்டோம். ஒருங்கிணைப்பாளர் கைபேசியில் ஒரு ரசீதின் படத்தைக் காட்டினார். கைபேசியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு காட்டினார், தரவில்லை. முத்திரை இருந்தது, தெலுங்கில் அச்சு இருந்தது, "பாருங்க சார், டிபார்ட்மெண்ட் ரசீது" என்றார். எங்களோடு வந்த ஒரு பெண்ணுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும். அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லி வாங்கி, போகும் வழியில் பெரிதாக்கிப் பார்த்தார். அது வேறொரு அருவிக்குப் போகிறவர்கள் வாசலில் வாங்கும் வாகன நுழைவுச் சீட்டு. தேதி போன வருஷத்தது. எங்கள் பெயர், எண்ணிக்கை, பாதை எதுவும் அதில் இல்லை. அதற்குள் நாங்கள் ஓடையில் நன்றாக உள்ளே வந்துவிட்டோம். வேன் அடிவாரத்தில் இல்லை, கைபேசியில் சிக்னலும் இல்லை.

வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நின்றார். எல்லை ஊர் என்பதால் தமிழ் நன்றாகவே பேசினார். "மேல மலையில ராத்திரியே மழை. இன்னும் கறுத்துக்கிட்டு இருக்கு பாருங்க. தண்ணி வரும், திரும்பிடுங்க சாமி" என்றார். வழிகாட்டிப் பையன் தயங்கினான். ஆனால் மேல் மடு வரைக்கும் போய்ப் படம் எடுக்காமல் கூட்டிவந்தால் பணம் கிடையாது என்று அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை அவனே பின்னால் சொன்னான். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டோம். மீதிப் பேர் அடுத்த மடுவைக் கடக்கப் போனார்கள். என் தங்கையும் அவளுடைய தோழிகளும் முன்னாலேயே போயிருந்தார்கள். "இடுப்பளவுதான் அக்கா, கொடியைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுங்க" என்று அவளை இறக்கியிருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கழுத்தளவுத் தண்ணீரில், பாசி பிடித்த பாறையில் கால் நிற்காமல், அந்த நீலக் கொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். கொடி நீண்டுகொண்டே போகிறது. நீச்சல் தெரிந்த ஒருவர் குதித்து அவளைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். உள்ளங்கை இரண்டும் கொடி அறுத்துச் சிவந்துபோயிருந்தன.

எல்லோரும் கரையேறிக் கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. ஓடை நடைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் நிற்கிற இடத்தில் மழை இல்லாமலே வெள்ளம் வரும். மேலே பெய்தால் போதும். முதலில் தெளிந்த தண்ணீர் கலங்கும். சருகும் குச்சியும் நுரையோடு மிதந்து வரும். தண்ணீர்ச் சத்தம் கனக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் பையை விட்டுவிட்டு உடனே பக்கத்து மேட்டில் ஏறிவிட வேண்டும், ஓடையோடு கீழே ஓடக் கூடாது. வண்டல் நிறத்தில் வந்த தண்ணீர், எங்கள் கண் முன்னால் நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த பாறையை மூடியது. வந்த வழியே திரும்ப முடியவில்லை. அந்த ஆட்டுக்காரப் பெரியவர்தான் ஓடையை விட்டு விலகி, முள்ளுக்குள் ஒரு மாட்டுத் தடத்தில் எங்களை இறக்கிவிட்டார். ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகி, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு நடந்தோம். பள்ளத்தாக்கில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது.

கீழே வனத்துறை ஆட்கள் நின்றிருந்தார்கள். அனுமதி எங்கே என்றார்கள். எங்களிடம் இருந்தது அந்தப் போலி ரசீதின் படம் மட்டும். ஒருங்கிணைப்பாளருக்கு அழைத்தால் கைபேசி அணைத்துவைக்கப்பட்டிருந்தது. பெயர், முகவரி எழுதிக்கொண்டு அபராதம் வாங்கினார்கள், அதற்கு முறையான ரசீதும் கொடுத்தார்கள். அடிபட்ட பெண்ணுக்குக் கட்டுப்போட உதவியதும் அவர்கள்தான். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், அது யார் பேச்சை நம்பி நுழைந்தாலும் குற்றம்தான் என்று பொறுமையாகவே சொன்னார்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அந்தப் பக்கத்து மலைகள் செம்மரம் வளரும் மலைகள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள். தமிழ்நாட்டு வண்டியில் வந்து, கையில் ஒரு காகிதமும் இல்லாமல், இருட்டும் நேரத்தில் காட்டிலிருந்து இறங்குகிற கூட்டத்தை அங்கே யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த நிலைமையில் எங்களைத் தள்ளிவிட்டுத்தான் அந்த ஆள் வேனோடு போயிருக்கிறார்.

திங்கட்கிழமை பேசினார். பணம் திரும்பத் தர முடியாது, மழை இயற்கை, தவிர நீங்கள் எல்லோரும் 'எங்கள் பொறுப்பு இல்லை' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார். வேனில் ஏறும்போது அவசர அவசரமாக நீட்டிய தாள் அது. அப்புறம் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எங்களை நீக்கிவிட்டு, இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நாங்கள் எழுதிய கருத்துகளையும் அழித்துவிட்டார். வேறு பெயரில், வேறு சின்னத்தோடு, அதே மடுவின் அதே படத்தைப் போட்டு மறுபடி விளம்பரம் வருகிறது. அதனால்தான் பெயரைச் சொல்வதைவிட அடையாளத்தைச் சொல்கிறேன்: பணம் ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போகும், அதில் வரும் பெயரும் விளம்பரத்தில் இருக்கும் பெயரும் வேறு வேறாக இருக்கும், பில் கேட்டால் ஸ்கிரீன்ஷாட் போதும் என்பார்கள்.

நீங்கள் எந்தக் குழுவோடு போனாலும் பணம் கட்டும் முன் அனுமதிக் கடிதத்தை முழுசாக அனுப்பச் சொல்லுங்கள். எந்த வனச்சரகம், எந்தப் பாதை, எந்தத் தேதி, எத்தனை பேர் என்று அதில் இருக்க வேண்டும். பிறகு அந்தச் சரக அலுவலகத்தில் ஒரு முறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். "அங்கே போய்க் காட்டுறேன்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. அத்தனை உயிர் போன பிறகும் அனுமதியை வெறும் விளம்பர வார்த்தையாக விற்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மலையேற ஆசை இருந்தால் நேர்வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவுசெய்ய வசதி செய்திருக்கிறது. காட்டையொட்டிய கிராமங்களைச் சேர்ந்த, பயிற்சி பெற்றவர்கள் கூட வருகிறார்கள். சென்னைக்காரர்களுக்குப் பூண்டிப் பக்கம் இருக்கும் குடியம் குகைப் பாதையே போதும். கற்கால மனிதர்கள் தங்கிய இடம், சுலபமான நடை. தீப்பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், அதையும் பார்த்துப் பதிவுசெய்யுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று சும்மா இருக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்த்துக் கேட்கவும் இடம் இருக்கிறது. தருகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கிய சேவையைத் தராதது சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், சம்பவம் ஆந்திராவில் நடந்தது என்பது தடையில்லை. சேவைக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவுசெய்யுங்கள். போலி ரசீது காட்டிப் பணம் வாங்கியது மோசடி, அதற்குக் காவல்துறையிலும் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும்.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த ரசீதின் படம், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் உரையாடல், வனத்துறை கொடுத்த அபராத ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அன்று அதே வேனில் வந்த மற்றவர்களோ, வேறொரு தேதியில் இதே மாதிரி ரசீதைப் பார்த்தவர்களோ இதைப் படித்தால் உடனே எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்களிடம் இருக்கும் படத்தையும் சேர்த்துக் கொடுத்தால், தெரியாமல் நடந்தது என்று அந்த ஆள் தப்பிக்க முடியாது.