வாசலில் கூரியர் கேட்கும் காசு: கனடாவுக்கு வரும் பொதிக்கு எந்த வழி மலிவு?

அமெரிக்கக் கடையொன்றில் 120 கனேடிய டொலருக்குச் சப்பாத்து வாங்கி, அனுப்பும் செலவையும் கட்டி முடித்த பிறகு, கூரியர்காரர் வாசலில் நின்று மேலும் காசு கேட்டால் யாருக்கும் கோபம் வரும். கோபத்தோடே கட்டிவிடாமல் அந்தச் சீட்டை வரிவரியாகப் பாருங்கள். அதில் இரண்டு வகைக் காசு கலந்து கிடக்கும். ஒன்று அரசுக்குப் போவது: சுங்கத் தீர்வையும் எச்எஸ்ரி என்ற விற்பனை வரியும். மற்றது கூரியர் நிறுவனத்துக்குப் போவது: சுங்கப் பத்திரம் நிரப்பிய கூலி, உங்கள் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கான கட்டணம், வாசலில் காசு வாங்கியதற்கான கட்டணம், இவற்றின் மேல் இன்னொரு எச்எஸ்ரி. பல சீட்டுகளில் இரண்டாவது வகைதான் பெரிது.

சட்டம் கேட்பதைத் தவிர்க்க முடியாது. கூரியர் கேட்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டிய இடம் வாசல் அல்ல. ஒன்லைனில் அனுப்பும் முறையைத் தெரிவுசெய்யும் பக்கம்.

அரசின் பங்கை நீங்களே கணக்குப் பார்க்கலாம்

பொருளின் பெறுமதியைக் கனேடிய டொலருக்கு மாற்றுங்கள். அதன் மேல் தீர்வை. பெறுமதியையும் தீர்வையையும் கூட்டி, அந்தத் தொகையின் மேல் எச்எஸ்ரி. ஒன்ராறியோவில் 13 சதவீதம். அல்பேர்ட்டாவில் மத்திய அரசின் விற்பனை வரியான ஜிஎஸ்ரி 5 சதவீதம் மட்டும். நீங்கள் வசிக்கும் மாகாணம்தான் கணக்கு, பொதி வந்திறங்கிய இடம் அல்ல. தைத்த உடைகளுக்கும் சப்பாத்துகளுக்கும் தீர்வை கடுமையானது, பலவற்றுக்கு 18 சதவீதம் வரை. கணினிக்கும் புத்தகத்துக்கும் தீர்வை இல்லை.

பலர் கவனிக்காத ஒன்று: கனடாவில் தீர்வை பொருளின் விலைக்குத்தான், வெளிநாட்டிலிருந்து இங்கே கொண்டுவரும் செலவுக்கு அல்ல. ஆனால் இன்வொய்ஸில் அனுப்பும் செலவு தனி வரியாக இருந்தால்தான் அதைக் கழிக்க முடியும். “மொத்தம் 300, அனுப்புவது இலவசம்” என்று எழுதினால் முழு 300க்கும் வரி. சென்னையில் துணிக்கடையோ தையற்கடையோ அனுப்பும்போது, துணி இவ்வளவு, தையல்கூலி இவ்வளவு, அனுப்பும் செலவு இவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். தையல்கூலி பெறுமதியில் சேரும். அனுப்பும் செலவு சேராது.

அடுத்தது வரம்புகள். பொதுவான வரம்பு 20 கனேடிய டொலர். அதற்குள் என்றால் வரியே இல்லை. 21 டொலர் என்றால் மேலதிக ஒரு டொலருக்கு அல்ல, முழுத் தொகைக்கும் வரி. அமெரிக்காவிலிருந்தோ மெக்சிக்கோவிலிருந்தோ கூரியரில் வருவதற்கு வேறு வரம்பு, 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது: 40 கனேடிய டொலர் வரை தீர்வையும் இல்லை, எச்எஸ்ரியும் இல்லை, 150 டொலர் வரை தீர்வை இல்லை, எச்எஸ்ரி மட்டும். கூரியர் என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே பொருள் அமெரிக்கத் தபாலில் புறப்பட்டு கனடா போஸ்ட் கையில் வந்தால் பழைய 20 டொலர்தான். “தபால்தான் எப்போதும் மலிவு” என்று நம்மவர்கள் சொல்வது இந்த இடத்தில் பிழையாகிவிடுகிறது.

தபால் வழி

வெளிநாட்டுத் தபால் பொதிகளைச் சுங்க அதிகாரிகள் வன்கூவர், ரொறன்ரோ, மொன்றியல் தபால் நிலையங்களில் பார்க்கிறார்கள். வரி விதித்தால் ஈ14 என்ற படிவம் பொதியில் ஒட்டப்படும். தீர்வை எவ்வளவு, வரி எவ்வளவு என்று அதில் தனித்தனியாக இருக்கும். அதன் மேல் கனடா போஸ்ட் வாங்குவது பொதிக்கு 9.95 டொலர். பெறுமதி 50 என்றாலும் 1,500 என்றாலும் அதே தொகை. வரி விதிக்கப்படாத பொதிக்கு அதுவும் இல்லை.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ 300 டொலருக்குத் தைத்த உடைகள் வருகின்றன என்று வையுங்கள். தீர்வை 18 சதவீதம் என்றால் 54 டொலர். 354இன் மேல் 13 சதவீதம் 46.02. அரசுக்கு 100.02. தபாலில் வந்தால் வாசலில் கட்டுவது 109.97. இதைவிடக் குறைவாக, வீட்டைவிட்டு அசையாமல் முடிக்க வேறு வழி இல்லை.

குறைகளும் உண்டு. ஒரே ஓர்டரைக் கடை இரண்டு பொதியாகப் பிரித்தனுப்பினால் 9.95 இரண்டு முறை. பொதியில் இன்வொய்ஸ் இல்லாவிட்டால் அதிகாரி தன் மதிப்பீட்டில் பெறுமதி போடுவார். அது பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. 2024 நவம்பர், டிசம்பரிலும் 2025 செப்ரெம்பர் கடைசியிலும் நடந்ததுபோல வேலைநிறுத்தம் வந்தால் பொதி எங்கோ ஓரிடத்தில் முடங்கிவிடும். கல்யாணத் திகதிக்கு உடுப்பு வேண்டுமென்றால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூரியர்: தரைவழியும் விரைவுவழியும் ஒன்றல்ல

அதிகம் பேர் அகப்படும் இடம் இதுதான். அமெரிக்கக் கடைகள் மலிவு என்று முதலில் காட்டும் அனுப்பு முறை பெரும்பாலும் தரைவழிக் கூரியர்: யூபிஎஸ் ஸ்ராண்டர்ட், ஃபெடெக்ஸ் இன்ரர்நஷனல் கிரவுண்ட் போன்றவை. இவற்றில் சுங்கப் பத்திரம் நிரப்பும் கூலி அனுப்பும் செலவுக்குள் இல்லை. பொருளின் பெறுமதி ஏற ஏற அந்தக் கூலியும் படிப்படியாக ஏறும். விரைவுவழிச் சேவைகளில், அதாவது யூபிஎஸ்ஸின் எக்ஸ்பிரஸ் வகைகள், ஃபெடெக்ஸின் பிரயோரிற்றி, டிஎச்எல் எக்ஸ்பிரஸ் முதலியவற்றில், வழக்கமான சுங்க அனுமதி சேவைக்குள்ளேயே அடங்கும். அப்போதும் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கான கட்டணம் வரலாம். ஆனால் தரைவழியின் கூலி வராது.

ஆகவே அனுப்பும் செலவில் 15 டொலர் மிச்சம் என்று தரைவழியை எடுத்தவர், வாசலில் அதைவிட அதிகமாகக் கட்டுவது சாதாரணமாக நடக்கிறது. கடைப் பக்கத்தில் சேவையின் முழுப் பெயர் இல்லாமல் “எக்கொனமி” என்று மட்டும் இருந்தால், கடைக்கு எழுதிக் கேட்காமல் காசு கட்டாதீர்கள். கூரியர் நிறுவனங்கள் தங்கள் கனேடியத் தளத்தில் கட்டண அட்டவணை வைத்திருக்கின்றன. அடிக்கடி மாற்றுவார்கள், வாங்கும் நாளில் பாருங்கள்.

மேலே சொன்ன 120 டொலர் சப்பாத்துக்கு வருவோம். சப்பாத்து ஆசியாவில் செய்தது, அமெரிக்காவிலிருந்து வருகிறது. கூரியரில் வந்தால் 150க்குள் இருப்பதால் தீர்வை இல்லை, எச்எஸ்ரி 15.60 மட்டும். தபாலில் வந்தால் தீர்வை 21.60, எச்எஸ்ரி 18.41, கனடா போஸ்ட் 9.95, மொத்தம் 49.96. வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு விரைவுக் கூரியர் கேட்கும் கட்டணத்தைச் சேர்த்தாலும் பெரும்பாலும் அதுதான் குறைவு. 38 டொலர் பொருள் என்றால் இன்னும் தெளிவு: கூரியரில் அரசுக்கு ஒன்றுமில்லை; தபாலில் தீர்வை இல்லாத பொருளுக்கே 4.94 வரியும் அதைப்போல இருமடங்கு கையாளும் கட்டணமும்.

அமெரிக்காவிலிருந்தோ மெக்சிக்கோவிலிருந்தோ 150க்குள் என்றால் விரைவுக் கூரியர். 150க்கு மேல் என்றாலும், வேறெந்த நாடு என்றாலும் தபால். தரைவழிக் கூரியரை எடுக்க ஒரே ஒரு நல்ல காரணம் உண்டு: சுங்கத்தில் நீங்களே போய் முடிக்கத் தயாராக இருப்பது.

நீங்களே சுங்கத்துக்குப் போவது

இது சலுகை அல்ல, உங்கள் உரிமை. 3,300 டொலருக்கு உட்பட்ட கூரியர் பொதிகளைச் சுங்கம் முதலில் விடுவித்துவிட்டுக் கணக்கைப் பிறகு கேட்கிறது. அதனால்தான் பொதி வாசலுக்கு வந்த பிறகும் “நானே கட்டிக்கொள்கிறேன்” என்று சொல்ல இடமிருக்கிறது. சொந்தப் பாவனைக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். விற்பனைக்கு என்றால் இந்த வழி இல்லை. 2024 ஒக்ரோபரில் வந்த கார்ம் என்ற சுங்கத்தின் இணையப் பதிவு வணிக இறக்குமதியாளர்களுக்கானது, உங்களுக்குத் தேவையில்லை.

பொதி அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டதாகத் தடங்காட்டி சொன்னவுடன் கூரியருக்கு அழைத்து, சுங்கத்தை நீங்களே முடிக்கப்போவதாகச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். முதலில் எடுப்பவருக்கு விளங்காவிட்டால் சுங்கப் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். பொதியின் தனி அடையாள எண்ணும் சுங்க ஆவணங்களும் உங்களுக்கு வேண்டும். கூரியர்காரர் அதற்குள் வந்துவிட்டால் காசு கட்டாமல், பொதியை வாங்காமல் அதே வார்த்தையைச் சொல்லுங்கள். வாங்கிவிட்டால் வாதாடுவது கடினம்.

பிறகு அந்த ஆவணங்கள், கடையின் இன்வொய்ஸ், காசு கட்டிய சான்று, பொருள் எந்த நாட்டில் செய்தது என்ற விபரம், படமுள்ள அடையாள அட்டை ஆகியவற்றுடன், சுங்கத்தை நடத்தும் கனடா எல்லைச் சேவைகள் முகமையின் அலுவலகத்துக்குப் போங்கள். எல்லா அலுவலகமும் இதைச் செய்வதில்லை. முகமையின் தளத்தில் பார்த்து, ஒரு தடவை அழைத்தும் உறுதிசெய்யுங்கள். அதிகாரி தீர்வையையும் வரியையும் கணக்கிட்டு வாங்கிக்கொண்டு, பி15 என்று பரவலாக அறியப்படும் படிவத்தைப் பற்றுச்சீட்டாகத் தருவார். அதன் பிரதியைக் கூரியருக்கு அனுப்பினால் பொதியை விடுவிப்பார்கள். மேலே சொன்ன 300 டொலர் உடைக்கு இந்த வழியில் 100.02 மட்டும்.

குழம்புவது பெரும்பாலும் நேரத்தால். கூரியர் பொதியைச் சில நாட்கள்தான் வைத்திருக்கும். அதற்குள் பற்றுச்சீட்டு போகாவிட்டால் கடைக்கே திரும்பிவிடும். ஸ்காபரோவிலிருந்து விமான நிலையப் பக்கம் போய்வர அரைநாள் செலவாகும். கூரியர் கூலி 12 டொலர் என்றால் இந்த அலைச்சல் வீண். 600, 800 டொலர் பொருள் தரைவழியில் வந்திருந்தால் அலைவதில் நியாயம் உண்டு.

கடையே வரியை முன்கூட்டி வாங்குவது

பெரிய ஒன்லைன் கடைகளில் வரியையும் சேர்த்தே கட்டலாம். வாசலில் ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். அந்த நிம்மதிக்குப் பெறுமதி உண்டு, முக்கியமாக வயதான பெற்றோரின் முகவரிக்கு அனுப்பும்போது. ஆனால் கட்டுமுன் மேலே சொன்னபடி நீங்களும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். 38 டொலர் பொருளுக்கு 14 டொலர் “இறக்குமதிக் கட்டணம்” என்று காட்டினால் அதில் பெரும்பங்கு இடைத்தரகரின் கூலி. அமேசன் வாங்குவது வைப்புத்தொகை. உண்மையான வரி குறைந்தால் மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. எல்லாக் கடைகளும் அப்படியில்லை. சுங்கப் பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் கிடைக்காவிட்டால், பொருளைத் திருப்பியனுப்பும்போது வரியைச் சுங்கத்திடம் கேட்பதும் சிக்கலாகும்.

எல்லை தாண்டி எடுத்துவருவது

பஃபலோ, நயாகரா பக்கம் பொதி வாங்கிவைக்கும் கடைகள் உண்டு. பெரிய, பாரமான பொருளுக்கு மட்டும் பொருந்தும் வழி. அன்றே போய் அன்றே திரும்பினால் எந்த விலக்கும் இல்லை. வரி முழுவதும் எல்லையிலேயே கட்ட வேண்டும். 24 மணித்தியாலம் தங்கினால் 200 டொலர் வரை விலக்கு, ஆனால் 200ஐத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி. 48 மணித்தியாலத்துக்கு 800. அதில் மேலதிகத்துக்கு மட்டும் வரி. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு நிரந்தர வதிவிடம் வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசாவும் வேண்டும்.

அன்பளிப்பு

வெளிநாட்டிலுள்ள ஒருவர் உங்களுக்கு உண்மையாகவே அனுப்பும் அன்பளிப்புக்கு 60 டொலர் வரை வரியில்லை. 20 டொலர் வரம்பைப் போலன்றி இங்கே மேலதிகத்துக்கு மட்டும்தான் வரி: 80 டொலர் சேலைக்கு 20க்கு மட்டும். வாழ்த்து அட்டையோ கடிதமோ உள்ளே இருக்கட்டும். மதுவும் புகையிலையும் இதில் சேராது. காசு கொடுத்து வாங்கியதைக் கடைக்காரர் “கிஃப்ற்” என்று எழுதித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் பொருளே போய்விடும். தொலைந்தால் காப்புறுதியும் சீட்டில் எழுதிய பொய்ப் பெறுமதிக்குத்தான் கிடைக்கும்.

சீட்டில் பிழை இருந்தால்

அமெரிக்க டொலரை இருமுறை மாற்றியிருப்பது, அனுப்பும் செலவைப் பெறுமதியில் சேர்த்திருப்பது, துணியைத் தைத்த உடையாக வகைப்படுத்தியிருப்பது, செய்த நாட்டைப் பிழையாகப் போட்டிருப்பது: அடிக்கடி காணும் பிழைகள் இவை. கனடாவிலிருந்து திருத்த வேலைக்குப் போய்த் திரும்பும் பொருளுக்குப் புதிதாக வாங்கியதுபோல வரி போடுவதும் உண்டு. இங்கிருந்து போய், திருத்தமோ மாற்றமோ இல்லாமல் அப்படியே திரும்புவனவற்றுக்கு 9813, 9814 என்ற தனித் தீர்வை இலக்கங்கள் உள்ளன. அனுப்பும்போதே தபால் பற்றுச்சீட்டையும் பொருளின் தொடர் எண் தெரியும் படத்தையும் எடுத்துவைத்தால்தான் அதை நிரூபிக்க முடியும்.

தபாலில் வந்ததென்றால் இரண்டு வழி: வாங்காமல் மறுத்து மறுமதிப்பீடு கேட்கலாம்; அல்லது கட்டிப் பொருளை எடுத்துக்கொண்டு, ஈ14 படிவத்துடன் முகமையின் தனிநபர் மீளளிப்புப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாவதே நல்லது, ஏனென்றால் பொருள் உங்கள் கையில் இருக்கும். கூரியரில் வந்ததென்றால் முதலில் கூரியரிடம் பிரித்தெழுதிய சீட்டைக் கேளுங்கள். பிழையான வரியை முகமை திருப்பித் தரும். கூரியரின் கூலியை அது தராது, அதற்குக் கூரியரிடம்தான் தனியாக எழுத வேண்டும். பொதியைக் கொடுத்துவிட்டுச் சில கிழமைகள் கழித்துச் சீட்டு அனுப்பும் கூரியர்களும் உண்டு. அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், கடன் அறவிடும் நிறுவனத்துக்குப் போய்விடும். அரசின் பங்கை உடனே கட்டி, கூலியை மட்டும் எழுத்தில் மறுத்து, அந்தக் கடிதத்தின் பிரதியையும் கட்டிய சான்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.