‘உணர்கிறேன்’ தொல்லைக்கு இரண்டு அகராதிகள்

கைபேசிச் செயலிகளில் வரும் தமிழைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. பெங்களூரு அல்சூரில் வீடு, அதிலேயே ஒரு மேசைதான் அலுவலகம். வருகிற கோப்புகளில் பாதிக்கு ஒரே வியாதி. ‘இன்று எப்படி உணர்கிறீர்கள்?’, ‘சோர்வாக உணர்ந்தால் ஓய்வெடுங்கள்’, ‘பாதுகாப்பாக உணருங்கள்’. இப்போதெல்லாம் சிறுகதை நாயகிகளும் தனிமையாக உணர்கிறார்கள். எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? நமக்குக் களைப்பாக இருக்கும், பயம் வரும், மனசு சரியில்லாமல் போகும், என்னவோ போலிருக்கும்.

ஆனால் “காதுக்கு ஒட்டலை” என்று சொன்னால் மொழிபெயர்க்கிற பிள்ளைகள் விடுவதில்லை. “அகராதியில இருக்கே அக்கா” என்பார்கள். சரி, அகராதிக்கே போவோம்.

மேசையில் நிரந்தரமாகக் கிடப்பது க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் விரிவாக்கிய பதிப்பு, 2020இல் மூன்றாவது. அதைக் கொண்டுவந்த கையோடு, அந்த நவம்பரிலேயே பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் காலமானார். இந்த அகராதியின் பலம், பொருளோடு நிறுத்தாமல் எடுத்துக்காட்டு வாக்கியமும் கொடுப்பது. பொருளை மட்டும் பார்த்தால் எதற்கும் எதையும் போட்டுவிடலாம். வாக்கியத்தில் பார்க்கும்போதுதான் ஒரு வினை எதோடு சேரும், எதோடு சேராது என்று பிடிபடும். குறையும் உண்டு. சொல் தெரிந்தால்தான் தேட முடியும், மனநிலையிலிருந்து சொல்லுக்குப் போக வழியில்லை. வெட்கம் ‘பிடுங்கித் தின்னும்’, துக்கம் ‘தொண்டையை அடைக்கும்’ என்பதெல்லாம் நினைவுக்கு வராமல் முழிக்கிறவருக்கு அகர வரிசை உதவாது. புத்தகமும் கனம், மடியில் வைத்தோ படுத்துக்கொண்டோ படிக்க முடியாது.

பழைய பொருள் வேண்டுமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் அனுபந்தம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். பழைய பாணி, சுருக்கெழுத்துகள் பழக நாளாகும். ஆனாலும் அங்கேதான் விஷயம் இருக்கிறது. உணர்தல் என்றால் அறிதல், துயிலெழுதல், ஊடல் நீங்குதல். ‘ஊடல் உணர்தல் புணர்தல்’ என்கிற 1109ஆம் குறளில் இருப்பது அந்தக் கடைசிப் பொருள்தான். எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் சிலையாக இருக்கும் வள்ளுவர், பதினெட்டு வருடம் மூடிக் கிடந்து 2009இல்தான் வெளிச்சம் பார்த்தவர், இந்தச் சொல்லில் என்னவெல்லாம் வைத்திருக்கிறார் பாருங்கள்!

ஆகவே சொல்லின் மேல் எனக்குக் கோபமில்லை. ‘தவறை உணர்ந்தான்’, ‘ஆபத்தை உணர்ந்து விலகினாள்’ எல்லாம் நல்ல தமிழ். முன்னால் ‘ஐ’ உருபு வந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவேன். ‘ஆக’ வந்தால் பேனா தானாக எழும்பும்: ‘சோர்வாக உணர்ந்தால்’ என்பது ‘சோர்வாக இருந்தால்’ ஆகிவிடும், பெரும்பாலும் எழுத்தும் மிச்சம். செயலித் திரையில் அதுவே பெரிய லாபம்.

கதை, கட்டுரை எழுதுகிறவர்கள் க்ரியாவை வாங்கிவிடுங்கள், கடன் வாங்கிப் படிக்கிற புத்தகமில்லை அது. பேரகராதிக்கு இணையமே போதும், ஆறு தொகுதி வைக்க இந்த ஊர் வாடகை வீட்டில் அலமாரிக்கு எங்கே போவது?