"மைக்ரோ ஆர்என்ஏ" முடி சிகிச்சை என்றால் பணம் கட்டாதீர்கள்

62,000 ரூபாய் போச்சு. வயிறு எரிகிறது, அதனால் காட்டமாகத்தான் எழுதுவேன்.

டைபாய்டு வந்து போன பிறகு என் தங்கைக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பளபளவென்று இருந்த ஒரு முடி சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் அவள் தலையில் கேமராவை வைத்து, வேர்க்கால்களைத் திரையில் பெரிதாகக் காட்டினார். "பாருங்கம்மா, வேர் தூங்குது. மைக்ரோ ஆர்என்ஏ சீரம் எழுப்பிவிடும். 2024-ல நோபல் வாங்கின கண்டுபிடிப்பு" என்றார். மழித்த முதுகில் மறுபடி முடி முளைத்த எலியின் படத்தையும் நீட்டினார். தங்கையின் முகம் அப்படியே மலர்ந்தது. அதைப் பார்த்துத்தான் கார்டைக் கொடுத்தேன்.

நோபல் உண்மைதான். ஆம்ப்ரோஸ், ருவ்குன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு சின்னப் புழுவை ஆராய்ந்து மைக்ரோ ஆர்என்ஏவைக் கண்டுபிடித்ததற்குக் கொடுத்தது. முடி மருந்துக்கு இல்லை. சுமார் 22 மரபு எழுத்து நீளமுள்ள இந்த மைக்ரோ ஆர்என்ஏ துணுக்குகள், செல்லுக்குள் புரதம் செய்வதற்கான குறிப்பைக் கொண்டுபோகும் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதைக் குறைக்கின்றன. மிஆர்-218 என்ற துணுக்கு, முடி வளர்ச்சிக்குத் தடையான ஒரு புரதத்தை அடக்குகிறது. அது எலியில் பார்த்தது. மிஆர்-205 என்ற இன்னொரு துணுக்கின் ஆய்வில் எலியின் மரபணுவையே மாற்றி, அதை அதிகமாகச் சுரக்க வைத்தார்கள். மனிதத் தலையில் தேய்த்து அல்ல!

ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகள் நம் தோலிலேயே இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் கையுறை போடாமல் ஆர்என்ஏவைத் தொடமாட்டார்கள். இவர்களுடைய குப்பி ஜன்னலோரத் தட்டில் வெயில் பட நின்றது. தயாரித்தவர் பெயர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை. அதைத்தான் டெர்மா ரோலரால் (நுண்ணிய ஊசிகள் உள்ள உருளை) குத்திக் குத்தி ஏற்றினார்கள். தலை முழுக்கக் கொப்புளம்.

போன் போட்டால் "டாக்டர் லீவு". நேரில் போனால் "மேனேஜர்கிட்ட பேசுங்க". மேனேஜரோ, "உங்க தங்கச்சிக்கு ஸ்ட்ரெஸ் அதிகம், அதான் பலன் தெரியல. இன்னொரு பேக்கேஜ் எடுத்தா டிஸ்கவுண்ட் தர்றோம்" என்கிறார். 62,000 ரூபாய் வாங்கிய வாய் பேசுகிற பேச்சு! இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள்.

கடைசியில் அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவரிடம் காட்டினோம். காய்ச்சலுக்குப் பிறகு கொட்டும் முடி பெரும்பாலும் சில மாதத்தில் தானாகவே முளைத்துவிடும் என்றார்.

சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். குப்பியில் லேபிள் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். எக்சோசோம் (செல்கள் வெளிவிடும் நுண்ணிய பைகள்) என்று சொன்னாலும் ஏமாறாதீர்கள், அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ கூட அப்படி எந்தப் பொருளுக்கும் அனுமதி கொடுக்கவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். பில், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

நான் புகார் கொடுத்துவிட்டேன். இதே மாதிரி பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.