டம்மி தலையா, நிஜத் தலையா: பிராக்டிகலுக்கு எதில் பழகுவது?

சலூன் வேலைக்கான திறன் தேர்வை முதலில் முடித்தேன், அடுத்த வருஷம் துப்புரவுப் பணிக்கானதையும். தயாராகும்போது இரண்டிலும் ஒரே கேள்விதான் வந்து நின்றது: பழகின இடத்திலேயே திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதா, பழக்கமில்லாத இடத்துக்குப் போய்ச் செய்து பார்ப்பதா? சலூனில் அது டம்மி தலையா (முடி வைத்த பொம்மைத் தலை), மாடலாக உட்காரும் ஆளா என்ற கேள்வி. துப்புரவில் நம் வீடா, அடுத்தவர் இடமா என்பது. முதல் தேர்வுக்கு டம்மியை நம்பிப் போனேன், இரண்டாவதற்கு மாதக்கணக்கில் அடுத்தவர் அறைகளைத் துடைத்துவிட்டுப் போனேன். இரண்டாவது வழிதான் சரி.

டம்மியைக் குறை சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் கிடைக்கும், அசையாது, யார் காதும் கிழியாது. முடியைப் பகுதி பகுதியாக செக்ஷன் பிரிப்பது, 45 டிகிரி, 90 டிகிரி என்று முடியைத் தூக்கிப் பிடிப்பது, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே கத்தரியை இயக்குவது எல்லாம் அதில்தான் தொடங்க வேண்டும். ஆனால் வெட்டின முடி வளராது. நீளத்திலிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தாலும் சில கட்டிங்கோடு அந்தத் தலை முடிந்தது. வாங்குவதாக இருந்தால் மனித முடி வைத்ததா என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண சிந்தெடிக் முடியில் முடியை நேராக்கவோ சுருட்டவோ சூடு வைக்கும் அயர்ன் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

டம்மியில் இல்லாதது சுழி. நிஜத் தலையில் உச்சியில் ஒரு சுழி இருக்கும், சிலருக்கு நெற்றியோரத்திலும் இருக்கும், அங்கே மற்ற இடத்தைப் போலவே குட்டையாக வெட்டினால் முடி நட்டுக்கொண்டு நிற்கும். அப்புறம் சுருட்டை. எனக்காக முதன்முதலில் உட்கார்ந்த அக்காவுக்கு ஈர முடியில் புருவத்தோடு சரியாக முன்முடி வெட்டினேன், காய்ந்ததும் அது சுருண்டு நெற்றியின் பாதிக்கு ஏறிவிட்டது. ஈரத்தில் முடி நீளும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன்தான், ஆனால் அக்கா கண்ணாடியைப் பார்த்துப் பேசாமல் இருந்த அந்த நிமிஷத்தில்தான் அது எனக்குள் போனது.

இதெல்லாம்கூட இரண்டாம்பட்சம். தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது நேரம், அதைத்தான் டம்மி மறைத்துவிடுகிறது. டம்மியில் எனக்கு 35 நிமிஷத்தில் முடிந்த கட்டிங், ஆள் உட்கார்ந்தபோது 55 நிமிஷம் ஆனது. இந்த 20 நிமிஷம் எங்கே போனது என்று யோசித்தால், கத்தரி பிடித்த நேரத்தில் போகவே இல்லை: கை கழுவினது, தலைச்சருமத்தில் புண், பேன் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தது, அலர்ஜி கேட்டுக் குறித்துக்கொண்டது, கழுத்தில் துண்டு சுற்றி, உடம்பை மூடும் கேப் போர்த்தியது, நடுவில் அவர் தும்மியது, போனை எடுக்கத் தலையைக் குனிந்தது.

சீப்பு கீழே விழுந்ததை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். டம்மியோடு பழகினபோது விழுந்த சீப்பை எடுத்துத் துணியில் துடைத்துவிட்டுத் தொடர்ந்துவிடுவேன், கையும் அதையே கற்றுக்கொண்டது. தேர்வன்று சீப்பு நழுவியதும் கை தானாகத் தரைக்குப் போனது. மதிப்பீட்டாளர் தாளில் ஏதோ குறித்தார். விழுந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு சீப்பு எடுத்திருக்க வேண்டும். சலூன்களில் சீப்பு ஊறவைக்கும் கிருமிநாசினி பலவற்றின் லேபிளில் 10 நிமிஷம் என்று போட்டிருக்கும், அதுவும் முடியை எடுத்து, சோப்பு போட்டுக் கழுவின பிறகு முழுசாக மூழ்கியிருக்க வேண்டிய 10 நிமிஷம். ஆக, ஒருமுறை விழுந்த சீப்பு அந்த வேலைக்குள் திரும்பி வராது, இரண்டாவது செட் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். டம்மியோடு இருந்தவரை இரண்டாவது செட் எதற்கு என்றே எனக்குத் தோன்றவில்லை.

துப்புரவிலும் கதை அதேதான். கிருமிநாசினி அடித்தால் லேபிளில் சொன்ன நேரம்வரை அந்த இடம் ஈரமாக இருக்க வேண்டும், வீட்டிலோ நாம் அடித்த கையோடு துடைத்துவிடுவோம். அடுத்தவர் குளியலறையில் கடிகாரம் பார்த்துச் செய்தபோதுதான் வேலையின் வரிசையே மாறியது: முதலில் டாய்லெட் உள்பக்கம் திரவத்தை ஊற்றிவிட்டு, அது ஊறும் நேரத்தில் கண்ணாடி, வாஷ்பேசின், குழாய் என்று முடித்துக்கொண்டு கடைசியில் திரும்பி வருவது. டாய்லெட்டுக்குச் சிவப்புத் துணி, பொது இடங்களுக்கு நீலம் என்று நிறம் பிரிப்பது பரவலான வழக்கம், அதையும் நம் வீட்டில் யாரும் செய்வதில்லை. அளவும் அப்படித்தான், வீட்டில் மூடியால் ஊற்றுவோம். லிட்டருக்கு 50 மில்லி என்று லேபிள் சொன்னால் 5 லிட்டர் பக்கெட்டுக்கு 250 மில்லி, அளவுக் குடுவையை எடுத்தே ஆக வேண்டும். தெரியாத அறைக்குள் நுழைந்தால் தரை என்ன கல் என்று முதலில் பார்ப்போம், மார்பிளில் அமிலக் கிளீனர் பட்டால் பளபளப்பு அரித்துப்போகும். ப்ளீச்சோடு அமில டாய்லெட் கிளீனர் கலந்தால் என்ன ஆகும் என்று என்னிடம் வாய்மொழியாகக் கேட்டார்கள். குளோரின் வாயு வரும் என்று சட்டென்று சொல்ல முடிந்தது, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் அந்த இரண்டு பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நகர்த்தி வைத்திருக்கிறேன்.

கலரிங், பெர்மிங் (மருந்து போட்டு முடியைச் சுருட்டுவது) பக்கம் என் அனுபவம் கொஞ்சம்தான். அங்கே முதல் சில தடவை டம்மியிலோ வெட்டியெடுத்த முடிக்கற்றையிலோ செய்து பார்ப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன், 9 சதவீத டெவலப்பரை (கலரோடு கலக்கும் பெராக்சைடு திரவம்), நம்மை நம்பி வந்த ஒருவர் தலையில் சோதித்துப் பார்க்கக் கூடாது. தரை தேய்க்கும் மெஷினை மூன்று தடவைதான் பிடித்திருக்கிறேன், அதற்குப் பயிற்சி நடக்கும் இடத்திலேயே கூடுதல் நேரம் கேட்டு வாங்குங்கள்.

மாடலாக இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள், தேர்வன்று ஒருவர் வராமல் போகலாம். கலர் போடுவதாக இருந்தால் இரண்டு பேருக்குமே 48 மணி நேரம் முன்னால் பேட்ச் டெஸ்ட் (தோலில் கொஞ்சம் கலர் தடவி அலர்ஜி வருகிறதா என்று பார்ப்பது) செய்து, தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள்.