அமெரிக்காவில் ஸ்பீச் தெரபி லைசென்ஸ் "வாங்கித் தரும்" பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள்

சென்னையிலோ மைசூரிலோ பி.ஏ.எஸ்.எல்.பி. (பேச்சு, கேள்வித்திறன் சிகிச்சைக்கான இளநிலைப் பட்டம்) முடித்துவிட்டு அமெரிக்கா வருகிறவர்களைக் குறிவைத்தே ஒரு வியாபாரம் நடக்கிறது. டிகிரி மதிப்பீடு, ஆஷா (அமெரிக்கப் பேச்சு, மொழி, கேள்வித்திறன் நிபுணர்களின் சங்கம்) சான்றிதழ், மாநில லைசென்ஸ் எல்லாம் ஒரே பேக்கேஜ், சில மாதத்தில் கைக்கு வரும், பாதித் தொகை முன்பணம் என்பார்கள். கடைசியில் வருவது ஒரே ஒரு தாள்: உங்கள் பட்டம் அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று மதிப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் அறிக்கை. அதற்குப் பிறகு ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். அந்தத் தாளை வைத்துத் தெரபிஸ்ட் லைசென்ஸ் கிடைக்காது. முதுநிலைப் பட்டம் வேண்டும் என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும்.

ஆஷாவின் சிசிசி என்பது தொழில் சங்கம் தரும் சான்றிதழ். லைசென்ஸ் தருவது அந்தந்த மாநிலத்தின் போர்டு. சிசிசி இருந்தால் பல மாநிலங்களில் வேலை சுலபமாகும். ஆனாலும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து சங்கங்களோடு ஆஷாவுக்குப் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் உண்டு. இந்தியா அதில் இல்லை. "ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா, அப்படியே மாற்றிவிடலாம்" என்று எவராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது கிளாக் அவர்ஸ், அதாவது மேற்பார்வையில் செய்த பயிற்சி நேரக் கணக்கில். ஆஷா கேட்பது 400 மணி நேரம்: 25 பார்வையிட்டது, 375 நோயாளியோடு நேரடியாக வேலை செய்தது. இந்த 375இல் 325 முதுநிலைப் படிப்பில் செய்ததாக இருக்க வேண்டும். அப்படியென்றால் பி.ஏ.எஸ்.எல்.பி. இன்டர்ன்ஷிப்பில் ஆயிரம் மணி நேரம் காட்டினாலும் நேரடி வேலையில் கணக்கில் ஏறுவது 50 மணி மட்டும்தான். உங்கள் லாக் புக்கை எடுத்துப் பாருங்கள். ஒரே பக்கத்தில் காலையில் ஆடியோமெட்ரி (கேட்கும் திறன் சோதனை), மதியம் திக்குவாய் சிகிச்சை, சாயங்காலம் சீனியர் செய்த மதிப்பீட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது என எல்லாம் கலந்து, அடியில் ஒரே மொத்தமும் ஒரே கையெழுத்தும் இருக்கும். பேக்கேஜ்காரர்கள் அந்த மொத்தத்தை அப்படியே விண்ணப்பத்தில் ஏற்றிவிடுவார்கள். ஆடியோமெட்ரி செய்த நேரத்தை அப்படியே ஸ்பீச் மணிக்கணக்கில் சேர்க்க முடியாது, பார்த்த நேரம் நேரடி வேலை ஆகாது. தப்பான எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கீழே கையெழுத்துப் போட்ட நீங்கள்தான். பிறகு எந்த மாநிலத்துக்குப் போனாலும் அது கூடவே வரும்.

சரி, இங்கேயே முதுநிலை படித்துவிடலாம் என்று போனால் அடுத்த பள்ளம். பெயரில் "கம்யூனிகேஷன் சயன்ஸ்" இருந்தால் போதாது. ஆஷாவின் அங்கீகாரக் குழுவான சிஏஏ அங்கீகரித்த கிளினிக்கல் படிப்பா என்று பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக்கான முதுநிலைப் பட்டம் லைசென்ஸுக்கு உதவாது; அட்மிஷன் பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்குகிறவர் இதைச் சொல்வதில்லை. ஆஷாவின் எட்ஃபைண்ட் பக்கத்தில் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

படிப்பை முடித்தவர்களையும் விடுவதில்லை. "லைசென்ஸ் வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் திங்கட்கிழமையே சேர்ந்துவிடுங்கள்" என்று சொல்லும் கிளினிக்குகள் உண்டு. கலிஃபோர்னியாவில் ஆர்.பி.இ. எனும் தற்காலிக லைசென்ஸ் எண் வருவதற்கு முன் செய்த ஒரு நாள் வேலைகூட, லைசென்ஸுக்கு வேண்டிய 36 வார மேற்பார்வைப் பணிக் கணக்கில் சேராது. அதுமட்டுமல்ல, அது லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்ததாகிவிடும். டெக்சாஸில் இதே கட்டத்துக்கு இன்டர்ன் லைசென்ஸ் என்று பெயர். பெயர் எதுவானாலும், போர்டின் இணையதளத் தேடலில் உங்கள் பெயர் வரும்வரை நோயாளியைத் தொடாதீர்கள்.

சிசிசிக்காக முதுநிலைக்குப் பிறகு ஒரு மென்ட்டாரின் (வழிகாட்டியின்) கீழ் செய்யும் வேலைதான் ஆஷாவின் கிளினிக்கல் ஃபெலோஷிப். அது குறைந்தது 36 வாரம், 1,260 மணி; மூன்று பகுதியாகப் பிரிப்பார்கள். வாரம் 5 மணிக்குக் குறைவான வேலை கணக்கில் வராது. மென்ட்டார் உறவினராக இருக்கக்கூடாது. அவர் உங்களை 18 மணி நேரம் நேரடியாகக் கவனிக்க வேண்டும், மூன்று பகுதியிலும் ஆறு ஆறு மணி. "மென்ட்டார் எங்கள் பொறுப்பு" என்று சொல்லும் ஏஜென்சி பல நேரம் உங்களை எட்டியே பார்க்காத ஒருவரின் பெயரைக் கொடுக்கும். அவருடைய சிசிசி உயிரோடு இருக்கிறதா என்று ஆஷா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சேரும் அன்றும் ஒவ்வொரு பகுதி முடியும்போதும் பார்த்து, திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அது காலாவதியானால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

சிசிசிக்கும் லைசென்ஸுக்கும் எழுத வேண்டிய பிராக்ஸிஸ் 5331 தேர்வில் தேற 162 மதிப்பெண் வேண்டும். மதிப்பெண் தேர்வு நடத்தும் நிறுவனத்திலிருந்து நேரே ஆஷாவுக்கும் போர்டுக்கும் போக வேண்டும். பதிவு செய்யும்போதே நான்கு இடங்கள் வரை இலவசமாகக் குறிக்கலாம். அதை அனுப்பித் தர ஏஜென்ட் கேட்கும் "பிராசஸிங் ஃபீஸ்" வீண். டிரான்ஸ்கிரிப்டும் அப்படியே: பல்கலைக்கழகத்திலிருந்து நேசஸ் (வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பு) உறுப்பினரான மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேராகப் போக வேண்டும். ஏஜென்ட் கை வழியாகப் போன உறை திரும்பி வரும்.

வீட்டிலிருந்தே வீடியோவில் தெரபி என்று ஆசை காட்டினால், நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் லைசென்ஸோ அனுமதியோ வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? முதலில் ஒன்றைப் பாருங்கள்: போர்டு, பிராக்ஸிஸ், மதிப்பீட்டு நிறுவனம் மூன்றிலும் உங்கள் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கிறது? பெரும்பாலும் ஏஜென்ட் முகவரியில் இருக்கும். ஆவணம் குறைகிறது என்று போர்டு அனுப்பும் கடிதங்கள் அங்கே போய்க் கிடக்கும், கெடு முடிந்தால் விண்ணப்பம் செத்துப்போகும். இன்றே போர்டுக்கு நீங்களே எழுதி முகவரியை மாற்றுங்கள், கோப்பில் உள்ள கடிதங்களின் நகலைக் கேளுங்கள். அடுத்து, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பணத்தைத் திருப்பக் கேட்டு வங்கியில் டிஸ்ப்யூட் போடுங்கள். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுங்கள்.