சாஸ் பில்ட் அமைப்பு: ஆறு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய பிறகு

நான் பராமரிக்கும் இணையதளங்களின் ஸ்டைல்ஷீட்டுகளை, அதாவது பக்கங்களின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்புகளை, 2019 முதல் ஒரே முறையில்தான் தயாரித்து வருகிறேன். சிஎஸ்எஸை விரிவாக்கிய சாஸ் மொழியில் எழுதி, அதை உலாவிக்குப் புரியும் சிஎஸ்எஸ் ஆக மாற்றிக்கொள்கிறேன். திட்டத்தின் கட்டளைகளைப் பட்டியலிடும் பேக்கேஜ் ஜேசான் கோப்பில் இரண்டு கட்டளைகள் மட்டும் இருக்கின்றன. ஒன்று, வேலை செய்யும் நேரத்தில் சாஸ் மொழியில் எழுதிய எஸ்சிஎஸ்எஸ் கோப்புகளைக் கவனித்துக்கொண்டே இருந்து, சேமித்தவுடன் சிஎஸ்எஸ் ஆக்கித் தரும். மற்றது, வெளியிடுவதற்கு முன் சுருக்கிய கோப்பை உருவாக்கி, அதை, உலாவிகளுக்கான முன்னொட்டுகளைச் சேர்க்கும் ஆட்டோபிரிஃபிக்சர் வழியாக அனுப்பும்.

அதற்கு முன்பு, இப்படிப்பட்ட பணிகளைத் தானாக ஓட்டும் கல்ப் 3 என்ற கருவியை வைத்திருந்தேன். நூறு வரிகளைத் தாண்டிய பணிக்கோப்பு, அதைச் சுற்றிப் பதினொரு செருகுநிரல்கள். 2019 ஏப்ரலில், இந்தக் கருவிகளை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் தளமான நோடின் 12ஆம் பதிப்பு வந்தது. கல்ப் 3 நம்பியிருந்த பழைய நூலகம் ஒன்று அந்தப் பதிப்பில் இயங்கவில்லை. கூடவே, சாஸ் வேலையைச் செய்த நோட்-சாஸ் தொகுப்பு, சி++ மொழியில் எழுதப்பட்ட லிப்சாஸ் என்ற சாஸ் கம்பைலரைச் சார்ந்தது. நோடின் முதன்மைப் பதிப்பு மாறும்போதெல்லாம் அதற்கேற்ப ஏற்கெனவே உருவாக்கிய தனி நிரல் கோப்பு (பைனரி) வேண்டும். கிடைக்காவிட்டால் பைதானும் சி++ கம்பைலரும் நிறுவி நாமே உருவாக்க வேண்டும். ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற உட்கார்ந்தவன் அரை நாள் முழுவதும் கருவியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரை நாளில் சாஸ் மொழியில் நான் எழுதியிருந்த ஒரு வரிகூடத் தவறாக இருக்கவில்லை. உடைந்தவை எல்லாம் எனக்கும் சாஸுக்கும் நடுவில் நான் அடுக்கிவைத்த சாமான்கள். அன்று மாலையே கல்பை எடுத்துவிட்டு, சாஸின் முதன்மைக் கம்பைலரான டார்ட் சாஸை நேரடியாக நிறுவினேன்.

நோடின் தொகுப்பு நிறுவியான என்பிஎம் வழியாகக் கிடைக்கும் டார்ட் சாஸ் ஜாவாஸ்கிரிப்டாக வருகிறது. எந்தக் கணினியிலும் வேறு எதுவும் கேட்காமல் நிறுவிக்கொள்ளலாம். லிப்சாஸைவிட வேகம் குறைவுதான். ஆனால் அறுபது கோப்புகள் உள்ள என் பெரிய தளம்கூட ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு லிப்சாஸ் 2020 அக்டோபரில் கைவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது எனக்கு மாற்றுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

சில விஷயங்களைப் பட்டுத்தான் கற்றேன். மூலக் கோப்புறையும் வெளியீட்டுக் கோப்புறையும் தனித்தனியாக இருக்கட்டும். உருவான சிஎஸ்எஸ் கோப்பில் அவசரத்துக்குக் கைவைத்தால் அடுத்த சேமிப்பில் அந்தத் திருத்தம் அழிந்துவிடும். எனக்கு ஒரு முறை அப்படிப் போனது. அடிக்கோட்டில் தொடங்கும் பகுதிக் கோப்புகளின் பெயரில் பெரிய எழுத்து வேண்டவே வேண்டாம். என் கணினி பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும். இங்கே பிழையின்றி ஓடிய பில்ட் அங்கே 'கோப்பைக் காணவில்லை' என்று நின்றது. விண்டோஸில் வேலை செய்யும் நண்பர் ஒருவருக்கு என் கட்டளைகள் ஓடவில்லை. ஒற்றை மேற்கோள் குறிகள்தான் காரணம். இப்போது கட்டளைகளில் இரட்டை மேற்கோள் மட்டுமே எழுதுகிறேன்.

நிறுவிய தொகுப்புகளின் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் பேக்கேஜ்-லாக் கோப்பையும், மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் சேர்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடந்த ஒரு தளத்தை எடுத்து, 'என்பிஎம் சிஐ' கட்டளையால் அதே பதிப்புகளை நிறுவி, உடனே வேலையைத் தொடங்க முடிந்தது. அந்த நிம்மதிக்காகவே இந்த அமைப்பை மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

ஆட்டோபிரிஃபிக்சரை வெளியிடும் கட்டளையில் மட்டும் வைத்திருக்கிறேன். எழுதும் நேரத்தில் நான் பார்ப்பது புதிய உலாவியில். முன்னொட்டுகள் அங்கே தேவையில்லை. அதை எடுத்ததும் கவனிக்கும் கட்டளை ஒரே நிரலாகச் சுருங்கியது. உருவான சிஎஸ்எஸை மூலக் கோப்போடு இணைக்கும் சோர்ஸ் மேப்பும் குழப்பமில்லாமல் சரியான எஸ்சிஎஸ்எஸ் வரியைக் காட்டுகிறது.

இத்தனை ஆண்டுகளில் உண்மையான உழைப்பு கேட்டவை மொழியிலேயே வந்த மாற்றங்கள். 2021இல் சாய்கோட்டால் (/) எண்களை வகுப்பதற்கு எச்சரிக்கை வரத் தொடங்கியது. சிஎஸ்எஸ் மொழியே அந்தக் கோட்டைப் பிரிப்புக் குறியாகப் பயன்படுத்துவதால் இரண்டும் மோதின, காரணம் நியாயமானது. பழைய எழுத்துமுறையைப் புதியதாக்கும் சாஸின் மைக்ரேட்டர் கருவி சில நிமிடங்களில் எல்லாவற்றையும் மாற்றித் தந்தது.

ஒரு கோப்பை இன்னொன்றுக்குள் சேர்க்கும் இம்போர்ட் கட்டளையின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. 2024 அக்டோபரில் வந்த டார்ட் சாஸ் 1.80 பதிப்பு முதல் அதற்கு எச்சரிக்கை வருகிறது, 3.0 பதிப்பில் நீக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய முறையில் ஒரு முதன்மைக் கோப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். ஓரிடத்தில் எழுதிய மாறி எங்கும் கிடைக்கும். அதற்குப் பதிலாக வந்த யூஸ் முறையில் ஒவ்வொரு கோப்பும் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டுப் பெற வேண்டும். முதல் மாலை முழுக்க எரிச்சல்தான். மைக்ரேட்டர் பெரும்பகுதியைச் செய்தாலும், ஒரே பெயரில் இரண்டு கோப்புகளில் நான் வைத்திருந்த மாறிகளைக் கையால் பிரிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிரித்தபோதுதான், அவற்றில் ஒன்று ஐந்து ஆண்டுகளாக மற்றதை மறைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அடிக்குறிப்புப் பகுதியின் இடைவெளி ஏன் சொன்னபடி வரவில்லை என்று நான் பலமுறை தேடிய கேள்விக்கு அதுதான் விடை. இப்போது எந்தக் கோப்பைத் திறந்தாலும், எந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பது மேலேயே எழுதியிருக்கிறது. இரண்டு மாலைகள் செலவானது, கொடுத்தது தகும். வெளி நூலகங்களிலிருந்து வரும் எச்சரிக்கைகளை மட்டும் 'கொயட் டெப்ஸ்' விருப்பத்தால் அடக்கிவைத்திருக்கிறேன். என் கோப்புகளின் எச்சரிக்கைகளை அடக்குவதில்லை.

ஒருவர் புதிதாகத் தொடங்கினால் இன்றும் இது தேவையா? சிறிய தளமென்றால் தேவையில்லை என்றே சொல்வேன். சிஎஸ்எஸ் மாறிகள் எங்கும் இருக்கின்றன. ஒரு விதிக்குள் இன்னொரு விதியை உள்ளடுக்கி எழுதும் வசதி 2023இல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. கடைசியாகச் செய்த ஐந்து பக்கத் தளத்துக்கு நான் எந்தக் கருவியும் வைக்கவில்லை. பெரிய தளத்தில் மட்டும் சாஸை விட மனம் வரவில்லை. திரை அகலங்களை ஓரிடத்தில் பெயரிட்டு வைத்து, திரை அளவுக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் மீடியா குவெரிகளில் அந்தப் பெயரால் அழைக்கிறேன். சிஎஸ்எஸ் மாறிகளை மீடியா குவெரியின் நிபந்தனைக்குள் வைக்க முடியாது. அறுபது கோப்புகளிலும் அந்த எண்களைக் கையால் எழுத நான் தயாராக இல்லை.