காசு கொடுத்து வாங்கும் கேமா, விளம்பரம் பார்த்து ஆடும் கேமா?

அம்மா தன் போனில் மூட்டுவலி பெல்ட் ஒன்றைத் தேடியிருந்தார். மறுநாள் அதே போனில் என் எட்டு வயது மகள் ஒரு இலவச கேம் ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு லெவல் முடிந்ததும் திரை முழுக்க அந்த பெல்ட் வந்து நின்றது. மூடுவதற்கான பெருக்கல் குறி சில விநாடிகள் கழித்துத்தான் மூலையில் முளைத்தது. “ஆச்சி, உங்க பெல்ட்டு!” என்று போனை நீட்டினாள். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

அதன் பிறகு நாலு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன்: விளம்பரத்தோடு வரும் இலவச கேம், அதே கேமில் காசு கட்டி விளம்பரத்தை நீக்குவது, மாதச் சந்தா, ஒரே தடவை விலை கொடுத்து வாங்குவது. கடைசி வழியில்தான் நாங்கள் வந்து நின்றோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

இலவச கேமின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது. விளம்பரம் தொல்லைதான், ஆனால் அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் முடிவை மாற்றியது அந்த விளம்பரம் வந்து சேரும் விதம். லெவல் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், அந்த விளம்பர இடத்துக்காக விளம்பர நிறுவனங்களுக்குள் ஓர் ஏலம் நடக்கிறது. போனின் விளம்பர ஐடி (விளம்பரக்காரர்கள் போனை அடையாளம் காணும் எண்), ஐபி முகவரி (நம் இணைய இணைப்பின் முகவரி), போன் மாடல், மொழி, எந்த கேம் என்பதெல்லாம் ஏலம் கேட்பவர்களுக்குப் போகும். இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் அதுவும் போகலாம். கொடுக்காவிட்டாலும் ஐபியை வைத்து ஏறக்குறைய எந்த ஊர் என்று கணித்துவிடுவார்கள். விளம்பரம் காட்டப் போவது ஒருவர்தான். ஆனால் ஏலத்தில் தோற்றவர்கள் கையிலும் அந்தத் தகவல் வந்துவிட்டது. அவர்கள் அதைச் சேர்த்து வைத்து விற்றால் நமக்குத் தெரிய வழியே இல்லை.

2025 ஜனவரியில் கிரேவி அனலிட்டிக்ஸ் என்ற அமெரிக்க இருப்பிடத் தரவு நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட கோப்புகள் வெளியே வந்தன. அதிலிருந்த செயலிப் பட்டியலில் கேண்டி கிரஷ், டெம்பிள் ரன் கேம்களின் பெயர்களும் இருந்தன. அதை ஆராய்ந்த செய்தியாளர்கள், இந்தத் தரவு விளம்பர ஏலம் வழியாக வந்திருக்கலாம், கேம் செய்தவர்களுக்கே இது தெரியாமல் இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். அதாவது, கேம் கம்பெனி நல்ல கம்பெனியா என்று பார்த்து மட்டும் தப்பிக்க முடியாது. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. பெங்களூரில் வளர்ந்த இன்மொபி விளம்பர நிறுவனம், அனுமதி தராதவர்களின் இருப்பிடத்தையும் வைஃபை விவரங்களை வைத்துக் கண்டுபிடித்தது, அதில் குழந்தைகளும் அடக்கம் என்று அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2016-ல் குற்றம் சாட்டியது. 9,50,000 டாலர் கட்டி அந்த வழக்கு முடிந்தது.

குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கு நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை எழுதப்பட்டிருக்கிறது, நல்லதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அந்த போன் ஆச்சியின் கணக்கில் இருக்கிறது. ஏலம் கேட்பவருக்கு அங்கே தெரிவது ஒரு பெரியவர். அவர் பெயரில் ஆடுவது பேத்தி. ஒரே போனைப் பலர் புழங்கும் வீடுகளில் இது பெரிய ஓட்டை.

சரி, காசு கட்டி விளம்பரத்தை நீக்கிவிட்டால்? நான் முதலில் செய்தது அதுதான். திரை சுத்தமானது. ஆனால் விளம்பர நிறுவனங்களின் நிரல்துண்டுகள் கேமுக்குள் அப்படியே இருக்கும். எக்ஸோடஸ் பிரைவசி என்ற பிரெஞ்சு அமைப்பின் தளத்தில் ஆண்ட்ராய்டு செயலியின் பெயரைப் போட்டால் உள்ளே என்னென்ன டிராக்கர்கள், அதாவது நம் தகவலைத் திரட்டும் நிரல்துண்டுகள், இருக்கின்றன என்று காட்டும். நாங்கள் காசு கட்டிய கேமுக்கு அது நீளமான பட்டியலையே காட்டியது. (இருக்கிறது என்றுதான் அது சொல்லும், ஓடுகிறதா என்று சொல்லாது.) இன்னொரு குறையும் உண்டு: கேமுக்குள் வாங்கியதைக் கூகுளின் குடும்ப நூலகத்தில் (ஒருவர் வாங்கிய செயலியை வீட்டார் பகிரும் வசதி) பகிர முடியாது. என் போனில் கட்டிய காசு அம்மா போனில் செல்லவில்லை.

சந்தா பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஒரு மாதம்தான் வைத்திருந்தேன். கூகுள் பிளே பாஸ் 2022-ல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 99 ரூபாய். விளம்பரம் இல்லை, நிறைய கேம்கள். மாதம் தவறாமல் புதுசு கேட்கும் பிள்ளைக்கு இது பொருந்தும். நிறுத்தினால் எல்லாம் போய்விடும். ஆப்பிளின் கேம் சந்தாவான ஆர்கேடும் விளம்பரமில்லாததுதான்; எங்கள் வீட்டில் ஐபோன் இல்லாததால் ஆடிப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய்ப்பில்லை.

விலை கொடுத்து வாங்கியதில் ஸ்டார்டியூ வேலிதான் எங்களுக்கு ஒட்டிக்கொண்டது. விதைப்பது, தண்ணீர் விடுவது, மாடு வளர்ப்பது. விளம்பரம் கிடையாது. முதல் நாளே போனை ஏர்பிளேன் மோடில் போட்டுப் பார்த்தேன், அப்படியே ஓடியது. இணையம் இல்லாமலும் முழுசாக ஆட முடிகிற கேமை வாங்குவது என்பதை அதிலிருந்து விதியாக வைத்திருக்கிறேன். இணையம் துண்டித்திருக்கும்போது ஏலம் எங்கே நடக்கும்? வாங்கிய கேமைக் குடும்ப நூலகத்தில் சேர்த்து, அம்மா போனிலும் காசில்லாமல் இறக்கிக்கொண்டோம். எல்லா கேமுக்கும் இந்த வசதி கிடையாது. பிளே ஸ்டோரில் அந்த கேமின் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குறை இல்லாமல் இல்லை. காசு கொடுத்தாலும் சில கேம்களில் டிராக்கர் இருக்கும், ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பள்ளியில் மற்ற பிள்ளைகள் ஆடும் கேம் இது இல்லை என்று மகளுக்கு இன்னமும் வருத்தம். அவள் ஆசைக்கு ஒரே ஒரு இலவச கேமை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், போனின் அமைப்புகளில் கூகுள், அப்புறம் விளம்பரங்கள் என்று போய் விளம்பர ஐடியை அழித்துவிட்டேன். ஆண்ட்ராய்டு 12 முதல் இந்த வசதி இருக்கிறது. அழித்த பிறகு கேட்கும் செயலிக்கு வெறும் பூஜ்ஜியங்கள்தான் போகும். ஐபி முகவரி மட்டும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால் அந்த கேமுக்கு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்தான்.